நூறு ஆண்டில் ஒரு சொட்டு

மார்ச் 2, 1958, ஞாயிறு
திருவிருந்து நல்லபடியாக முடிந்தது. வாசலில் மூப்பர் கர்னோ, "இந்த மாசம் திராட்சைச் சாறு அருமை, ஹெப்சிபா! இனி இதையே வாங்கு" என்றார். எனக்கு என்னவோ குடித்தபோது தொண்டையில் சுள்ளென்றது. நூற்றாண்டு மலருக்குச் சபை வரலாறு எழுதுவது நான். முதல் வரியை அவரே சொல்லிவிட்டார்: 'போர்த்ரூவன் மெதடிஸ்ட் சபைக்குள் நூறு ஆண்டாக ஒரு சொட்டு மதுவும் புகுந்ததில்லை.'

மார்ச் 5
கடைக்கார நான்ஸ் மூச்சிரைக்க ஓடிவந்தார். "மிஸ் ட்ரூன், புட்டி மாறிப்போச்சு! உங்களுக்குக் குடுத்தது ஆங்கிலிக்கன் சர்ச்சுக்கு வந்த ஒயின். நிஜ ஒயின்!"
என் கையால் ஊற்றினேன், அறுபது சின்னக் கிண்ணங்களில். பிறந்ததிலிருந்து மதுவைத் தொடாதவர்கள் நாங்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்திருக்கக்கூடியவர் டிகரி ஹாக்கிங் ஒருவர்தான். குடித்துவிட்டுப் படகைப் பாறையில் மோதியவர். இனித் தொடமாட்டேன் என்று எங்கள் சபையில் கையெழுத்திட்டுப் பதினோரு வருடம். கடவுளே — அவருக்கு நானே ஊற்றிக் கொடுத்துவிட்டேனா?

மார்ச் 9, ஞாயிறு
டிகரியின் இடம் காலி.

மார்ச் 10
கர்னோவிடம் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. "யார்கிட்டயும் மூச்சு விடாதே. அந்த வரி அப்படியே இருக்கட்டும்." வரியைப் பற்றித்தான் கவலை! டிகரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கோழை — தலையாட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 12
டிகரியின் மனைவி ஜென்னாவைப் பார்த்தேன். "ஒரு வாரமா வாயே தொறக்கல. சாயங்காலமானா துறைமுகத்தைச் சுத்திச் சுத்தி நடக்கறார்." துறைமுகத்தில்தானே மதுக்கடை இருக்கிறது! அப்போதும் நான் சொல்லவில்லை. ஏன்? ஏன் சொல்லவில்லை?

மார்ச் 13
பொறுக்க முடியவில்லை. வலை சரிசெய்துகொண்டிருந்த டிகரியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.
"உதட்டுல பட்டதுமே தெரிஞ்சுது" என்றார், நிமிராமல். "முழுங்கல. கைக்குட்டையில துப்பிட்டேன். ஆனா அந்த ருசி போகமாட்டேங்குது, மிஸ் ட்ரூன். அதான் நடக்கறேன்."
"அப்பவே சொல்லியிருக்கலாமே?"
"யாரு நம்புவாங்க? குடிகாரன் நாக்கு பழசைத் தேடுதுன்னுவாங்க."
அழுதுவிட்டேன். இதை வரலாற்றில் எழுதட்டுமா என்று கேட்டேன்.
"எழுதுங்க. என் பேரோட."

மார்ச் 15
முதல் வரியை அடித்துவிட்டேன். புதியது: 'நூறு ஆண்டில் ஒருமுறை, ஹெப்சிபா ட்ரூனின் தவறால், மது உள்ளே வந்தது. அதை அறிந்தவர் டிகரி ஹாக்கிங் மட்டுமே, அவர் குடிக்கவில்லை.' கர்னோ தாம்தூம் என்று குதித்தார். இந்த வரி இல்லாவிட்டால் வரலாறும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 6, ஈஸ்டர்
மலர் வெளிவந்தது, அந்த வரியோடு. காலையில் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது டிகரி வந்தார். புதுப் புட்டியைக் காட்டி, "நான் பாக்கட்டுமா?" என்றார். வேண்டாம் என்று பதறினேன். "மூக்கு மட்டுந்தான்" என்று சிரித்தார். பக்கத்தில் கர்னோ கைகட்டிக் காத்து நின்றார்.
டிகரி முகர்ந்து பார்த்தார். "வெறும் சாறுதான். ஊத்துங்க."