இறங்காமல் கடந்த மேடு

அன்புள்ள அண்ணா,

நம் பனி ஒதுக்கும் வண்டியை விற்றுவிடும்படி ஔலு நகர மருத்துவமனையிலிருந்து நீ சொல்லியனுப்பியதைப் பக்கத்து வீட்டுப் பாவோ மாமா வந்து சொன்னார். நான் விற்கப் போவதில்லை.

பனி ஒதுக்கும் தகட்டின் அடியில், எஃகைவிடக் கடினமான கார்பைடு விளிம்பைப் பூட்டிவிட்டேன். பழைய எஃகு விளிம்பு ஒரே புயலில் தேய்ந்துவிடும்; நடுவழியில் யாராவது இறங்கி மாற்றியே ஆகவேண்டும். அன்று அந்த மேட்டில் நீ இறங்கினாய். பின்னால் வந்த லாரிக்காரருக்குப் பனியில் எதுவும் தெரியவில்லை.

பாவோ மாமா புது விளிம்பைப் பார்த்துச் சிரித்தார். "என்னம்மா, ரோட்டைச் சுரண்ட வைரமா பூட்டியிருக்கே? கல்லுல மோதுனா பொலபொலன்னு உதிர்ந்துடும் பாரு."

"உதிர்ந்தா வந்து பொறுக்கிக்கோங்க," என்றேன்.

செவ்வாய்க்கிழமை புயல் அடித்தது. எனக்குப் பின்னாலேயே ஆம்புலன்ஸ். உள்ளே டீச்சர் ஹில்க்கா, பிரசவ வலியில். அந்த மேட்டில் பனி கல்லாய் இறுகியிருந்தது. என் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. அழுத்தவில்லை. விளிம்பு கரகரவென்று சீவிக்கொண்டே போனது. நெடுஞ்சாலை வரை நான் ஒரு தடவைகூட இறங்கவில்லை.

ஹில்க்காவுக்குப் பெண் குழந்தை. மறுநாள் பாவோ மாமா குனிந்து விளிம்பைத் தடவிப் பார்த்தார். "அட, தேயவே இல்லையே!"

உன் காலைப் பற்றி டாக்டர் என்னிடமும் பேசினார். அதை நேரில் பேசிக்கொள்வோம். வண்டியின் ஏறுபடியைத் தாழ்த்தி, பிடித்து ஏற ஒரு கம்பியும் பற்றவைத்திருக்கிறேன். பிரேக்கைக் கையால் இயக்கும்படி மாற்றித்தர ஒரு மெக்கானிக் ஒப்புக்கொண்டிருக்கிறார். நீ வந்து ஏறு. ஓட்டுவது நீயா நானா என்று அப்புறம் சண்டை போடலாம்.

இப்படிக்கு,
உன் பேச்சைக் கேட்காத தங்கை