கதவில் இரண்டு உயரம்

அன்புள்ள கட்டெறும்புக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தம்பி மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கலாம் என்றால் நீதான் போனை எடுப்பதில்லையே, அதனால்தான் இந்தக் கடிதம். போனை அணைத்து வைக்கலாம், கடிதத்தை என்ன செய்வாய், பிரித்துத்தானே ஆகவேண்டும். பாலத்தில் வண்டி மாட்டிய அன்று சாயங்காலம் நீ என்னிடம் போனில் அழுதாய், மறுநாள் அப்பாவிடம் இனி லாரியே வேண்டாம், வேறு வேலை பார்த்துக்கொள்கிறேன் என்றாய், அதோடு சரி. கூரைத் தகடு மாற்றி வண்டி திங்கட்கிழமை வந்துவிடும், வந்து சாவியை வாங்கிக்கொள் என்று உன் முதலாளி சொன்னாராமே. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, முதலாளியே அதை விட்டுவிட்டார், நீ மட்டும் விடமாட்டேன் என்று அறைக்குள் உட்கார்ந்திருக்கிறாய். திங்கட்கிழமைக்கு முன் உன் கைக்கு வரவேண்டும் என்று இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். சாவியை வாங்குவதும் வாங்காததும் உன் இஷ்டம், ஆனால் இதை முழுக்கப் படித்துவிட்டு முடிவு செய்.

வீட்டுச் சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் லாரி ஓட்டப் போனபோது இந்த வயதில் லாரியா என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்த உன் அப்பா, இப்போது கடையில் சட்டைக்கு அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் என் வண்டிக்கு எத்தனை சக்கரம் என்று அளந்துகொண்டிருக்கிறார். ஆளுக்கு ஆள் இரண்டு சக்கரம் கூடுகிறது. என் இருக்கைக்கு ஒரு முதுகு மெத்தையும் தைத்துக் கொடுத்தார், நல்ல தடிமன், அதில் சாய்ந்தால் கால் பிரேக்குக்கு எட்டவில்லை, பாதிப் பஞ்சை எடுத்த பிறகுதான் சரியானது. நான் வர நேரமானால் தம்பிதான் சமைக்கிறான். உப்பு போட்டானா இல்லையா என்பது அவனுக்கே தெரியாது, ஆனாலும் அடுப்படியைத் துடைத்து வைக்கிறான், அதுவரைக்கும் புண்ணியம். பக்கத்து வீட்டுக்காரி உன்னைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டாள், வண்டி ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றேன், பொய் இல்லையே.

பள்ளிக்கூட வேன் நின்றுபோய் நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, வேன் ஓட்டின கைக்கு லாரி எம்மாத்திரம்மா என்று சொன்னவள் நீதான். நீ வாங்கிய பிறகுதான் நான் கனரக லைசென்ஸ் வாங்கினேன். அதனால் உனக்கு நான் புத்தி சொல்வது முறையில்லை, இருந்தாலும் அம்மா ஆயிற்றே, வாய் சும்மா இருக்காது. புறப்படும் முன் சரக்கு இறக்கும் இடத்துக்குப் போன் போட்டு வாசல் எந்தப் பக்கம், உள்ளே வண்டி திரும்புமா, காத்திருக்க எங்கே இடம் என்று கேட்டுக்கொள். வழி சொல்லும் போனை மட்டும் நம்பாதே. அதில் பேசுகிற பெண் நாம் ஸ்கூட்டரில் வருகிறோம் என்று நினைத்துக்கொண்டு சந்துக்குள் இழுத்துவிடுகிறாள், பிறகு அவளா வந்து ரிவர்ஸ் எடுத்துத் தருவாள். இரவுக்குத் தங்குவதாக இருந்தால் வெளிச்சம் போகும் முன்பே இடம் பிடி, இன்னும் கொஞ்சம் போகலாம் என்று போனால் வளைவில் இருக்கிற ஓரத்து இடம்தான் மிஞ்சும், திரும்புகிற வண்டி உன் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போகும். விளக்கும் ஆள் நடமாட்டமும் இருக்கிற பக்கமாக நிறுத்து. வரும்போதே போகும் முகமாகத் திருப்பி நிறுத்து, காலையில் தூக்கக் கலக்கத்தில் பின்னால் எடுக்கிற வேலை வேண்டாம். பின்னால் நின்று வா வா என்று கை காட்டுகிறவர் கண்ணாடியில் தெரியவில்லை என்றால் அப்படியே நிறுத்திவிடு, அவருடைய வா வா முக்கியமில்லை, அவர் முக்கியம். கழிப்பறை கிடைக்காது என்று தண்ணீர் குடிக்காமல் ஓட்டாதே, நீ அப்படிச் செய்வாய் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன், டாக்டரம்மாவிடம் திட்டு வாங்கிய பிறகுதான் நிறுத்தினேன்.

இனிதான் விஷயம். போன செவ்வாய்க்கிழமை அச்சகத்துக்குப் பெரிய பெரிய காகித உருளைகளை ஏற்றிக்கொண்டு போனேன். வழியில் ஒரு ரயில் பாலம், வண்டி அடியில் அழகாக நுழைந்து போனது. சரக்கை இறக்கிவிட்டுக் காலி வண்டியாக அதே வழியில் திரும்பினேன். பாலம் கண்ணில் பட்டதும், காலையில போன பாலம்தான்மா, திரும்பி வரும்போது விடல என்று நீ அழுதாயே, அந்தக் குரல் காதுக்குள் கேட்டது. பிரேக்கை அழுத்திவிட்டேன். பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு இறங்கினேன். பாலத்துக்குப் பக்கத்தில் பெயின்ட் கடைக்காரர் ஒருவர், அக்கா, காலையில நீங்க போனத நானே பார்த்தேன், தைரியமா விடுங்க என்றார். பின்னால் இருந்த கார்க்காரர், ஓட்டத் தெரியலன்னா எதுக்கு வர்றீங்க என்றார். ஒரு நிமிஷம் அவமானத்தில் ஏறி விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஊர் வாய்க்குப் பயந்தால் கூரை போய்விடும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு, அண்ணே, உங்க மாடியில ஏறி ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்க என்று கடைக்காரரைக் கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே ஏறியவர், மேலே போனதும் ஐயோ வேண்டாங்கா, நாலு விரல் இடிக்கும், விடாதீங்க விடாதீங்க என்று கத்தினார். அதற்குப் பிறகு அவரே இறங்கி வந்து பின்னால் நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாக ஒதுக்கினார். ஓட்டத் தெரியாதா என்று கேட்டவரும் சேர்ந்துதான் கை காட்டினார். நான் முக்குவரைக்கும் ரிவர்ஸ் எடுத்து வேறு வழியில் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

எங்கள் சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயர் கடுகு, சூடு பட்டால் வெடிப்பார் என்று சொல்லியிருக்கிறேனே. போன வழியில திரும்பி வர இவ்வளவு நேரமா என்று வெடித்தார். பாரம் இருக்கும்போது வண்டி அழுந்தி நிற்கும் சார், இறக்கியதும் நிமிர்ந்துவிடும், காலி வண்டிதான் உயரம் என்றேன். வெடித்த கடுகு அடங்கிவிட்டது. இது உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார். டிரைவர்கள், சுமை ஏற்றுகிறவர்கள், கணக்கர் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். எம் பொண்ணு, அவளும் லாரி டிரைவர்தான் என்றேன். எல்லார் காதிலும் விழட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன், பெருமைதான், வேறென்ன. மறுநாள் அவரே ஏணியும் டேப்பும் எடுத்துக்கொண்டு வந்து ஒவ்வொரு வண்டியையும் பாரத்தோடு ஒரு முறை, காலியாக ஒரு முறை அளந்தார். இப்போது எங்கள் வண்டிகளில் டிரைவர் ஏறுகிற கதவுக்கு உள்பக்கம் இரண்டு உயரம் எழுதியிருக்கிறது, மேலே பாரம், கீழே காலி. புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறார்கள். உங்க பொண்ணுக்கு அங்க வேலை பிடிக்கலன்னா இங்க வரச் சொல்லுங்க என்றும் கடுகு சொன்னார், அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததை நம்பாமல் இரண்டு பேர் என்னிடம் திரும்பக் கேட்டார்கள்.

நீ மாட்டியதால் நான் மாட்டவில்லை கண்ணு. நீ வெட்கப்பட்டு மறைத்திருந்தால், என்னிடம் அழாமல் இருந்திருந்தால், அன்றைக்கு என் வண்டியின் கூரையும் போயிருக்கும், என் வேலையும் போயிருக்கும், இந்த வயதில் எனக்கு இன்னொரு சாவியை யார் தருவார்கள். யானைக்கும் அடி சறுக்கும், நீ எறும்பு, உனக்குச் சறுக்காதா. ஆனால் விழுந்த எறும்பு சுவரைக் கோபித்துக்கொண்டு உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை.

நல்லபடியாக இரு. வேளாவேளைக்குச் சாப்பிடு. போகிற வழியெல்லாம் உனக்கு நல்ல மனிதர்களாகவே வாய்க்கட்டும், என் ஆயுளையும் சேர்த்து நீ நூறு வயது ஓட்டு. உன் அப்பா உனக்கும் ஒரு மெத்தை தைத்துவிட்டார், பஞ்சைக் குறைத்துத்தான் வைத்திருக்கிறார், தனியாக அனுப்புகிறேன். ஒன்று மட்டும் மறக்காதே. திங்கட்கிழமை சாவியை வாங்கியதும் வண்டியைக் கிளப்பும் முன் காலியாக எவ்வளவு உயரம் என்று அளந்து எனக்குப் போன் போட்டுச் சொல். அன்றைக்கு எனக்கு மதியத்துக்கு மேல்தான் வண்டி, அதுவரைக்கும் போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
உனக்குப் பின்னால் லைசென்ஸ் வாங்கிய
உன் அம்மா