ஏலக்காய்ப் பேணிக்குள் இருந்த குளிசை

மார்ச் 11, செவ்வாய்

குளிர் இன்னும் போகவில்லை. கடைக் கதவுப் பூட்டு மறுபடி இறுக்கம். காய்கறி லொறி நாற்பது நிமிடம் பிந்தி. முருங்கைக்காய் பாதி வாடல், திருப்பி அனுப்பினேன். சாரதி முறைத்தான். முறைக்கட்டும்.

செய்ய வேண்டியது: பூட்டுக்கு எண்ணெய். குரக்கன் மா ஓடர். பல் டொக்ரரிடம் ரண்டேவூ, நேரம் எடுக்க.

பதினொரு மணிக்கு றீற்றா வந்தாள், சூசையின் மனைவி. வில்லியே லே பெல்லில் இருந்து இதற்காகவே றெயின் ஏறி வந்திருக்கிறாள். மருதம்பட்டைத் தூள் இன்னும் இரண்டு பைக்கற் வேண்டுமாம். சூசைக்கு மார்கழியில் நெஞ்சடைப்பு வந்து ஸ்ரென்ற் வைத்தார்கள். அடைத்த நாளத்தை விரித்துப் பிடிக்கிற சின்னக் கம்பிக் குழாய். ஆஸ்பத்திரிக்குத் தோடம்பழம் கொண்டுபோனவன் நான். பிரான்சுக்கு வந்த வருடம் ஒரே ரெஸ்ரோறன்ற் நிலவறையில் சேர்ந்து கோப்பை கழுவினோம். நான் கடைக்கு வந்தேன், அவன் குசினியிலேயே நின்று சமையல்காரன் ஆனான்.

"எப்பிடி இருக்கிறான்?"

"நல்லா இருக்கிறார் அண்ணை. நீங்கள் எழுதித் தந்த மாதிரியே பத்தியம். மீனில்லை, இறைச்சியில்லை, புளியில்லை, சிகரெட்டும் இல்லை. திருநீற்றுப் புதனண்டு துவங்கினவர், தவக்காலமும் சேர்ந்து வந்திட்டுது. ஒரு இங்கிலீசுக் குளிசையும் தொடுறேல்லை எண்டால் பாருங்கோவன்."

பின்னால் நாலு பேர் வரிசையில். ஒருவர் கறிவேப்பிலை இன்றையதா என்று கேட்கிறார். "நல்லது தங்கச்சி, நல்லது" என்று சொல்லிப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

நல்லது என்றா சொன்னேன்?

பின்னேரம் முழுக்க அதுவே மண்டைக்குள். அந்தப் பைக்கற்றில் ஒட்டியிருக்கும் துண்டு என் கையெழுத்து. "இருதய அடைப்புக்கு. ஒரு மண்டலம். பத்தியத்துடன்." பத்தியத்துக்குக் கீழே இரண்டு கோடு. எந்தப் பரியாரியும் சொல்லி எழுதியதல்ல. பத்தியம் இல்லாத மருந்தை எங்கள் சனம் மருந்தாக மதிக்காது. அந்தச் சொல்லை எழுதிய பிறகுதான் மருந்துத் தட்டு நகரத் தொடங்கியது. குளிசையை நிறுத்து என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. தமிழ் மருந்தோடு இங்கிலீசு மருந்து சேரக் கூடாது, அதுதான் பத்தியம் என்று தாங்களே சேர்த்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. இதை இங்கேதான் எழுதலாம். இரண்டு வருடமாகக் காலையில் நான் போடுவது டொக்ரர் தந்த கொழுப்புக் குளிசை. மேசை லாச்சியில், பழைய ஏலக்காய்த் தகரப் பேணிக்குள் இருக்கிறது. மனைவி வசந்திக்கு மட்டும் தெரியும். கடைக்காரனே குளிசை போடுகிறான் என்று தெரிந்தால் தட்டு படுத்துவிடும் என்று ஒளித்து வைத்தது.

மார்ச் 12, புதன்

தூறல். தலையிடி.

கடை திறக்க முன் சுகந்திக்குப் போன். வசந்தியின் அக்கா மகள், யாழ்ப்பாணத்தில் ஆயுர்வேத டொக்ரர். அங்கே மத்தியானம், நோயாளிகளுக்கு நடுவில் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"சித்தப்பா, ஸ்ரென்ற் வைச்சு எத்தினை மாசம்?"

"மூண்டு."

"அந்தக் கம்பிக்குள்ள ரத்தம் கட்டியாகாமல் காக்கிறதே அந்தக் குளிசைதான். நிப்பாட்டினால் திரும்ப அடைக்கும். ஆர் நிப்பாட்டச் சொன்னது?"

"நான் சொல்லேல்லை."

"பத்தியம் எண்டு எழுதினது ஆர்?"

மேசையில் கிடந்த பேனையை லாச்சிக்குள் தள்ளினேன்.

"மருதம்பட்டை நானும் குடுக்கிறனான். ஆளைப் பாத்து, என்ன குளிசை போடுறார் எண்டு கேட்டு. நெஞ்சடைப்பு எண்டு வாறவரை முதல்ல ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புறன். நீங்கள் வெண்டிக்காய்க்குப் பக்கத்தில வைச்சு விக்கிறியள்."

முப்பத்தாறு வயது. நான் ஏடு தொடக்கி வைத்த பிள்ளை. வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சொன்னதில் குறித்தவை:

– முதலில் சூசையின் டொக்ரருக்குப் போன். குளிசையை எப்படித் திரும்பத் தொடங்குவது என்று அவர் சொல்ல வேண்டும். இன்றைக்கே.
– அவர் பார்க்கும்வரை பட்டைத் தூள் வேண்டாம்.
– வந்த அடைப்பைத் தூள் கரைக்கும் என்று யாருக்கும் சொல்லக் கூடாது. (நான் சொல்லியிருக்கிறேன். எத்தனை பேருக்கு?)
– அடைப்பு வராமல் பார்க்க ஆயுர்வேதம் சொல்வதில் பெரும்பகுதி மருந்தே இல்லை. பசித்துச் சாப்பிடு. மத்தியானம் வயிறார, இரவு பாதி, அதுவும் நேரத்தோடு. பொரியல், உப்பு, கொழுப்பு குறை. உள்ளி, இஞ்சி, வெந்தயம் கறியில் போடுகிற அளவு போதும், வில்லையாக வேண்டாம். நடை. நித்திரை. கோபம் குறை.

"இதெல்லாம் உங்கட கடையிலயே கிடக்குது சித்தப்பா, நித்திரையைத் தவிர."

உடனே சூசைக்கு எடுத்தேன். சிரிக்கிறான். "மச்சான், எட்டு நாள் முடிஞ்சுது. நாப்பத்தெட்டில நாப்பதுதான் மிச்சம். இப்ப வந்து குழப்பாதை." வைத்துவிட்டான். திரும்ப எடுத்தேன். றீற்றாதான் பேசினாள். அவர் ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டாராம், தன் சொல்லும் எடுபடாதாம். அவர்களின் மகளை டொக்ரருக்குப் போன் பண்ணச் சொன்னேன். அவள் வேலையால் வர இரவாகும் என்றாள் றீற்றா.

நாளை கடையை வசந்தி பார்ப்பாள்.

மார்ச் 13, வியாழன்

வெயில் மாதிரி ஒன்று. சூசை வீட்டுக்கு. கார் து நோர் ஸ்ரேசனில் ஆர்.இ.ஆர். டி றெயின், பிறகு பஸ். பேணி சட்டைப் பையில். ஏன் எடுத்தேன் என்று ஏறும்போது தெளிவில்லை.

லிஃப்ற் வேலை இல்லை. நாலாம் மாடி. மூன்றாவதில் நின்று மூச்சு வாங்கினேன். மேலே கதவில் நின்று பார்த்துச் சிரிக்கிறான் சூசை.

"ஸ்ரென்ற் வைச்சவன் நான். இளைக்கிறவன் நீ."

ஆள் மெலிந்துதான் இருக்கிறான். முகம் தெளிவு. உப்பில்லாத மரக்கறி சூப் தானே வைக்கிறான், மூன்று வகை வெட்டி. இருபத்தைந்து வருடம் வெண்ணெயில் சமைத்தவன். சந்தோசப்பட வேண்டிய காட்சி. குளிர்பெட்டிக் கதவில் மடு மாதா காந்தம், அதற்குக் கீழே பைக்கற்றில் இருந்து வெட்டி எடுத்த என் துண்டு. பத்தியம், இரண்டு கோடு.

சுகந்தி சொன்னதெல்லாம் சொன்னேன். கேட்கவில்லை.

"தவக்காலத்தில குடுத்த வாக்கடா."

"ஆண்டவர் குளிசையை நிப்பாட்டச் சொன்னவரோ?"

"இல்லை. நீ சொன்னனி." குளிர்பெட்டியைக் காட்டினான்.

மகள் அனித்தா இன்று வேலைக்குப் போகவில்லை, அறைக்குள் இருந்து வந்தாள். "பப்பா, தூ எ ஃபூ" என்றாள். உனக்குப் பைத்தியம் என்று அர்த்தம். நியாயப்படி எனக்குச் சொல்ல வேண்டியது.

பேணியை எடுத்து மேசையில் வைத்தேன். திறந்தேன். இன்றைக் குளிசையைக் காலையில் போடாமல் வந்திருந்தேன். அவன் பார்க்கத் தண்ணீர் வாங்கி விழுங்கினேன்.

"என்னது அது?"

"கொழுப்புக்கு. டொக்ரர் தந்தது."

"எவ்வளவு காலமா?"

"ரெண்டு வருசம்."

"பட்டை?"

"ஒரு நாளும் குடிச்சதில்லை. சரியான கைப்பு."

றீற்றா கையில் இருந்த கரண்டியை வைத்தாள்.

"அப்ப எனக்குப் பட்டை, உனக்குக் குளிசை" என்றான் சூசை. கத்தவில்லை. கத்தியிருக்கலாம். எழும்பிப் பல்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டான். அனித்தா போனை எடுத்து ஆஸ்பத்திரி இலக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். தேத்தண்ணி கேட்கவில்லை யாரும். நானே இறங்கி வந்தேன்.

பஸ் கண்முன்னே போனது. இருபது நிமிடம் தரிப்பில். முப்பது வருடத்துச் சிநேகிதம் ஒரு பேணியோடு முடிந்தது என்று எண்ணினேன். குளிசையைப் போட்டானென்றால் முடிந்ததாகவே இருக்கட்டும்.

மார்ச் 14, வெள்ளி

விடிய அனித்தாவின் மெசேஜ். நேற்று ஆஸ்பத்திரி டொக்ரரைப் பிடித்துப் பேசிவிட்டாள். உடனே போடச் சொன்னார்களாம், இன்று காலை கூட்டிவரவும் சொன்னார்களாம். "பப்பா போட்டார். உங்களோட கோபம்."

வசந்திக்கு வாசித்துக் காட்டினேன். "கோபப்பட ஆள் உசிரோட இருக்குது. அதைப் பாருங்கோ" என்றாள்.

மத்தியானம் வரை காசுப் பெட்டியில் இரண்டு தரம் பிழை விட்டேன். ஒருமணிக்கு றீற்றா போன். கார்டியோலொக், அதுதான் இருதய டொக்ரர், எல்லாம் பார்த்தாராம். குழாய் திறந்தே இருக்கிறது. ஒன்பது நாள் தப்பியது அதிர்ஷ்டம், இனி அவர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. பட்டைப் பைக்கற்றைப் படம் எடுத்தாராம். இரத்தத்தை இளக்கும் குளிசையோடு இது என்ன செய்யும் என்று தெரியாது, தெரியாததைக் கலக்க வேண்டாம் என்றாராம்.

"ஆனால் அண்ணை, சிகரெட் விட்டதுக்கும் சூப்புக்கும் கை குடுத்தவர். இதை விட்டிடாதையுங்கோ எண்டு. இவருக்குச் சிரிப்பு வந்திட்டுது."

சாமிப் படத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பின்னேரம் ரூ பஜோல் கோயிலுக்கும் போய் ஒரு தேங்காய். கடைத் தேங்காய்தான், நல்லதாகப் பார்த்து எடுத்தது.

மார்ச் 15, சனி

கூட்டம். துண்டுகளையெல்லாம் கிழித்தேன், பதினேழு பைக்கற். தட்டை எடுக்கவில்லை, நான் வியாபாரி. புதிதாக ஒரே மட்டை: "குளிசை போடுபவர்கள் டொக்ரரிடம் காட்டிய பிறகே வாங்கவும். டொக்ரர் தந்த குளிசையை நிறுத்த வேண்டாம்." தட்டில் இருந்த பட்டை காசு மேசைக்குப் பின்னால் போனது, கேட்டால்தான் எடுப்பேன். அந்த இடத்தில் குரக்கன், சாமை, கொள்ளு, உள்ளி.

மார்க்ஸ் டோர்மோயில் இருந்து வரும் கண்ணாடி அக்கா பட்டை கேட்டார்.

"என்ன குளிசை போடுறியள் அக்கா?"

"நீர் கடைக்காரனோ பொலிஸோ?"

"கேட்டிட்டுத்தான் தருவன்."

"அப்ப வேண்டாம் போம். உள்ளி தாரும்."

இதற்கு முன் அதே பட்டையை வாங்கியவர்கள் எனக்கு நினைவில் உள்ளவரை ஒன்பது பேர். பெயர் எழுதினேன். ஆறு பேருக்குப் போன் பண்ணியாயிற்று. ஒருவரும் குளிசையை நிறுத்தவில்லை. ஒருவர் பட்டையைப் பூச்செடிக்குப் போட்டாராம்.

பேணி இப்போது லாச்சியில் இல்லை. மேசைமேல், தராசுக்குப் பக்கத்தில்.

மார்ச் 17, திங்கள்

மீதி மூவரும் சரி.

காலை 7.05க்கு வீடியோ அழைப்பு. சூசை. முகம் மட்டும், திரை நிறைய. வணக்கம் இல்லை.

"காட்டு."

"என்னத்தை?"

"பேணியை."

காட்டினேன். ஒன்றை எடுத்து விழுங்கினேன். "வாயைத் திற." திறந்தேன். தானும் தன்னுடையதை நாக்கில் வைத்துக் காட்டி விழுங்கினான். வைத்துவிட்டான்.

மார்ச் 18, செவ்வாய்

7.05. அதே. ஒரு சொல் கூடுதல்: "சரி."

மார்ச் 19, புதன்

7.05. "ராத்திரி என்ன சாப்பிட்டனி?"

"கொத்துரொட்டி."

"எத்தினை மணிக்கு?"

"பத்தரை."

"மாடு." வைத்துவிட்டான்.

இரவு 7.30க்கே சாப்பிட்டேன். குரக்கன் புட்டு, கீரை. வசந்தி இன்னொரு அகப்பை கீரை போட்டாள்.

மார்ச் 21, வெள்ளி

வெயில், நிசமான வெயில். மேலங்கி இல்லாமல் கால்வாய் வரை நடந்து திரும்பினேன், முப்பத்தைந்து நிமிடம். முழங்கால் நோ. மூச்சு பரவாயில்லை.

பூட்டுக்கு எண்ணெய் இன்னும் விடவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

7.05. அழைப்பு இல்லை.

7.15. இல்லை. குளிசையைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குள் நிற்கிறேன், சட்டர் பாதி திறந்தபடி. 7.20க்கு நான் எடுத்தேன், அடித்து அடித்து நின்றது. றீற்றாவின் போன் நிறுத்திக் கிடக்கிறது. ஞாயிறு பூசை நேரம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அனித்தாவுக்கு எடுத்தேன், ஞாயிறு நித்திரை போல, எடுக்கவில்லை. ஒன்பது நாள், ஒன்பது நாள் என்று மட்டும் மண்டைக்குள்.

7.40க்குச் சட்டரில் தட்டு.

சூசை. புதுச் சப்பாத்து, சிவந்த முகம், நெற்றியில் வேர்வை. ஒரு கையில் சூப் போத்தல். மற்றக் கை பொத்தியபடி.

"போன் ஏன்ரா எடுக்கேல்லை?"

"நடக்கிறவன் போன் பாக்கிறதோ? கார் து நோரில இருந்து நடந்து வாறன். ஒரு இடத்திலயும் நிக்கேல்லை."

கையை விரித்தான். உள்ளங்கையில் குளிசை, வேர்வையில் கொஞ்சம் ஒட்டி.

"என்ன பாக்கிறாய்? சுடுதண்ணி கொண்டா. ரெண்டு கோப்பை."