சூடான ரேடியேட்டரைப் பழுதுபார்த்த கதை

ஸ்கிப்டன்,
நவம்பர் 23

அன்புக் கண்ணு கெர்ரிக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே நலம், அவருக்கு முதுகுப் பிடிப்பு மட்டும் இருக்கிறது, அது எப்படி வந்தது என்று கீழே சொல்கிறேன். நீயும் டாரிலும் பிரிஸ்பேன் வெயிலில் சௌக்கியமா, தொப்பி போட்டுக்கொள்கிறீர்களா?

விஷயம் உன் அறையைச் சூடாக்கும் சுவர் ரேடியேட்டர். போன கிறிஸ்துமஸுக்கு அது ஐஸ்கட்டியாகக் கிடந்ததால்தானே மாப்பிள்ளைக்கு உதடு நீலம் பாரித்து, நீங்கள் ஹோட்டலுக்குப் போனீர்கள். இந்த வருஷம் உங்களை வீட்டிலேயே தங்க வைப்பது என்று உன் அப்பா செப்டம்பரிலேயே சபதம் எடுத்துவிட்டார். உள்ளே காற்று அடைத்தால் சூடேறாது என்று முதலில் தானே சாவி போட்டுக் காற்றை வெளியேற்றப் பார்த்தார். காற்று வரவில்லை, கறுப்புத் தண்ணீர் பீறிட்டு அவர் சட்டையிலும் உன் கல்யாணப் போட்டோவிலும் அடித்தது. பிறகுதான் இந்தத் தெருவுக்கே ஹீட்டிங் வேலை பார்க்கும் மிஸ்டர் பிரேத்வெயிட்டைக் கூப்பிட்டோம், ரொம்ப மரியாதையான மனிதர்.

வந்தவர் ஷூவைக் கழற்றினார், நேரே முன்னறைக்குப் போனார், அங்கே நன்றாகச் சுடும் ரேடியேட்டர் முன்னால் துணி விரித்து மண்டியிட்டுவிட்டார். நான் உன் அப்பாவைச் சமையலறைக்கு இழுத்துப்போய், "அது இல்ல, மாடியில இருக்கறதுன்னு சொல்லுங்க" என்றேன். "எப்படிடி சொல்றது, மனுஷன் ஷூவைக் கழட்டிட்டாரு, துணிய வேற விரிச்சுட்டாரு" என்கிறார். நான் மட்டும் என்ன வீராங்கனையா, பேசாமல் டீ போட்டுக் கொடுத்தேன். பிரேத்வெயிட் அதைச் சுவரிலிருந்து கழற்றி, தோட்டத்துக்குத் தூக்கிப்போய் இரண்டு மணி நேரம் கழுவினார், மறுமுனையைப் பிடித்த உன் அப்பாவுக்கு முதுகு அங்கேதான் போனது. திரும்ப மாட்டிவிட்டு "இப்ப எப்படிங்க இருக்கு?" என்று கேட்டார். "அடேயப்பா, என்ன சூடு! இத்தனை நாளா நடுங்கிட்டே இருந்தோம்" என்றார் உன் அப்பா, வாய் கூசாமல். அப்புறம் பிரேத்வெயிட்டைத் திரும்ப எப்படிக் கூப்பிடுவது? வேறு ஆள் வண்டி நம் வாசலில் நின்றால் அவர் மனம் புண்படாதா? மூன்று வாரம் அவரைக் கடையில் கண்டாலே ஒளிந்தோம். உன் அப்பா பூனைத்தீனி அலமாரிக்குப் பின்னால் பத்து நிமிஷம் நின்றார், நம் வீட்டில் பூனையே கிடையாது.

செவ்வாய்க்கிழமை உன் கடிதம் வந்தது, உங்களுக்குச் சிரமம் வேண்டாம், ஹோட்டலிலேயே தங்கிக்கொள்கிறோம் என்று. படித்ததும் எனக்கு என்ன வந்ததோ, கோட்டுகூடப் போடாமல் போய் பிரேத்வெயிட் வீட்டுக் கதவைத் தட்டி, "நீங்க ரிப்பேர் பண்ணது நல்லா இருந்த ரேடியேட்டருங்க, கெட்டது மாடியில இருக்கு" என்று போட்டு உடைத்துவிட்டேன். மனிதர் காது வரை சிவந்துபோனார். "தெரியும்மா. தொட்டதுமே கை பொசுங்குச்சு. நீங்க ரெண்டு பேரும் அவ்வளவு ஆசையா பாத்துட்டு நிக்கறீங்க, நல்லாத்தான் இருக்குன்னு எப்படிச் சொல்றது? டீ வேற குடுத்துட்டீங்க, எதையாவது கழட்டாமப் போனா நல்லாவா இருக்கும்?" என்றார். அப்போதே கூட வந்தார். உன் அறை ரேடியேட்டரின் திருகுக் குமிழைக் கழற்றி, உள்ளே சுடுதண்ணீரை விடாமல் சிக்கிக் கிடந்த ஒரு சின்ன ஊசியை ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டினார், ஐந்தே நிமிஷம், அடுப்பு மாதிரிக் கொதிக்கிறது. அப்பா முதுகை அதில் சாய்த்துக்கொண்டு நகர மாட்டேன் என்கிறார்.

உண்மை பேசிப் பழகிவிட்டதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் நீங்கள் கிளம்பும்போது "ஹோட்டல்தான் உங்களுக்கு வசதி, எங்களுக்கு ஒண்ணுமில்ல" என்றேனே, அது சுத்தப் பொய். கையசைத்துவிட்டு உள்ளே வந்து உன் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன், அப்பாவும்தான், கேட்டால் குளிரில் கண்ணில் நீர் வந்தது என்பார். நீயும் எங்கள் பெண்தானே, சிரமம் வேண்டாம் என்று எழுதியது மரியாதைக்கா, மனசாரவா என்று எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே ஹோட்டல்தான் பிடிக்கிறது என்றால் நேராக எழுது, இரண்டு நாள் அழுதுவிட்டுத் தேறிவிடுவேன்.

இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரிடம் ஒருவர் ஒளிக்காமல் நெடுநாள் வாழ ஆசீர்வதிக்கிறேன். டாரிலுக்குக் கம்பளிக் காலுறை மறக்காதே. கட்டிலில் புது விரிப்பு போட்டாகிவிட்டது, வா.

உன் அம்மா,
பெவர்லி