மின்சாரம் போன மணிநேரங்கள்

ஜனவரி 14
போலந்தில் ஒரு நிலையத்தில் இரண்டு மணிநேரக் காற்று மாசு அளவு விடுபட்டதற்கு இன்று எனக்கு மூன்று மின்னஞ்சல். அந்த நாடு முழுவதும் இருந்து வரும் எண்களை யாங்கோனில் உட்கார்ந்து சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. அங்கே நிலக்கரிப் புகை கூடினால் கைபேசிக்கெல்லாம் எச்சரிக்கை போகிறது. இங்கே எங்கள் போட்டாதாங் பேட்டையில், பக்கத்து அறை சைதா அக்காவின் ஜன்னலுக்குக் கீழே வீட்டுக்காரர் தஸ்தகீர் காக்காவின் ஜெனரேட்டர் புகை கக்குகிறது. அக்காவுக்கு ஆஸ்துமா. யார் எச்சரிப்பது?

ஜனவரி 15
கேட்டேவிட்டேன். "புகைக்குழாயை மொட்டைமாடி வரைக்கும் ஏத்துங்க காக்கா."
"மத்தவங்கல்லாம் மூச்சு விடலையா தம்பி? அளந்து காட்டு, ஏத்துறேன்."
காட்டுகிறேன்.

ஜனவரி 24
அக்கா ஜன்னலில் கருவி வைத்து ஒன்பது நாள். நுண்தூசி சராசரியைக் குடியிருப்போர் எல்லார் முன்னாலும் வாசித்தேன்: 41. ஊருக்குள் எங்கும் வருகிற அளவுதான். காக்கா தொடையில் தட்டிச் சிரித்து, பர்மியர் மாதிரி என் பேருக்கு முன்னால் 'கோ' மரியாதை போட்டார். "கோ மாஹிர் இஞ்சினியர்! உன் பெட்டியே நம்ம காத்துக்கு சர்டிபிகேட் கொடுத்துருச்சே!" அக்கா இன்ஹேலரை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

ஜனவரி 25
மடையன். நான்தான் மடையன். கருவியைச் சுவர் பிளக்கில் செருகியிருந்தேன்! கரண்டு போனால் கருவி அணைகிறது. கரண்டு போனால்தான் ஜெனரேட்டரே ஓடுகிறது. புகை வந்த மணிநேரம் எல்லாமே பதிவில் காலி — காலியை விட்டுவிட்டுச் சராசரி போட்டிருக்கிறேன். எவன் நாட்டிலோ இரண்டு மணிநேரத்தைப் பிடிக்கிறவன், அக்காவின் எழுபது மணிநேரத்தைப் பார்க்கவில்லை.

ஜனவரி 29
பாட்டரியில் ஓடவிட்டேன். ஜெனரேட்டர் ஓடும்போது 480. தாளில் அச்சடித்து எல்லார் முன்னாலும் காக்காவிடம் கொடுத்தேன்.
"போன வாரம் 41, இந்த வாரம் 480. மீன் விலையாடா இது?"
கரண்டு விஷயத்தை விளக்கினேன். குடியிருப்போர் பாதியிலேயே எழுந்து போனார்கள். தாளால் காக்கா விசிறிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 6
மத்தியானம் அக்காவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். உதடு நீலம்.

பிப்ரவரி 9
அறையைக் காலி செய்துவிட்டு அக்கா கியாக்தான் ஊரில் தோழி வீட்டுக்குப் போகிறாள். தையல் மிஷினை பஸ்ஸில் ஏற்றினேன். "கோவத்தைக் கொறைடா. நான் காக்காவுக்கு சலாம் சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றாள். சலாமாம்!

பிப்ரவரி 20
காலையிலிருந்து தட்டும் சத்தம். இரண்டு ஆட்கள் புகைக்குழாயை மொட்டைமாடி வரை ஏற்றிக் கட்டுகிறார்கள். காக்கா தெருவில் நின்று, "இன்னும் மேல, இன்னும் மேல" என்கிறார். அக்காவின் அறைக்கு காக்காவின் மகள் கரீமா கைக்குழந்தையோடு வருகிறாளாம்.

ஜெனரேட்டர் ஓடும்போதே ஜன்னலில் அளந்தேன். 52.

அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை.