பெட்டியைத் திருப்பி அனுப்ப மாட்டேன்

திண்டிவனம்
14.8.2007

மகன் இளவழகனுக்கு அம்மா காசியம்மாள் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை கலையரசியும் இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் மருமகள் சூர்யகலாவும் பேரன் தேவாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க மேல்மலையனூர் அம்மனை வேண்டிக்கொள்கிறேன். வேண்டுதலில் கோபத்தைக் கலக்கக் கூடாது என்று அதை முதலிலேயே எழுதிவிட்டேன். இனிமேல் எழுதப்போவதெல்லாம் கோபம்தான், உட்கார்ந்து படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கலையரசியிடம் போனில் கத்தினது அடுப்படியில் இருந்த எனக்கே கேட்டது. "யாரைக் கேட்டுக்கினு அதுமேல கை வச்ச? நீ இன்னா பெரிய இஞ்சினியரா? என் புள்ள பொருளைக் கழட்டி நாசம் பண்ணிட்டு அதைப் பெருமையா வேற சொல்றியா?" என்று கேட்டாயே, அவள் போனை வைத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டினாள். சின்ன வயசிலிருந்து உன்னோடு சரிக்குச் சரி சண்டை போட்டவள் அன்றைக்கு வாயே திறக்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்ன நடந்தது என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

தை மாதம் அப்பாவுக்கு வாதம் அடித்தபோது நீ குடும்பத்தோடு வந்து பார்த்தாய், இல்லை என்று சொல்லவில்லை. திரும்பிப் போகும்போது தேவா டி.வி.யில் மாட்டி வீடியோ கேம் விளையாடுகிற அந்தக் கறுப்புப் பெட்டியை மூட்டை கனக்கிறது என்று அலமாரி மேலே தள்ளிவிட்டுப் போனாய். அங்கே போனதும் அவனுக்குப் புதுசு வாங்கிவிட்டீர்கள், சூர்யகலாவே சொன்னாள். நீ வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போன பொருள்தான் அது. அதற்குத்தான் இத்தனை கூச்சல்.

உன் அப்பா மரக்காணம் கரையில் மீன் ஏலம் விட்டவர். அவர் தொண்டையைத் திறந்தால் படகில் இருப்பவனுக்கும் கேட்கும். அந்த மனுசன் தண்ணீர் வேண்டும் என்று கேட்க முடியாமல் கண்ணில் நீர் விட்டுக்கொண்டு கிடந்தார், வலது கை செத்த மீன் மாதிரி மடியில் கிடந்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற இருதயமேரியம்மா, "அவருக்குப் பழக்கமானவங்க பேசுறதைத் திரும்பத் திரும்பக் காட்டுங்க, கூடவே சொல்ல வைங்க, கையையும் சும்மா வுடாதீங்க" என்று சொன்னார்கள். கலையரசி விழுப்புரத்தில் தான் வேலை பார்க்கிற கம்ப்யூட்டர் சென்டரில் கேமரா கேட்டு வாங்கிவந்து, என்னையும் கூட்டிக்கொண்டு குப்பத்துக்குப் போனாள். எல்லாரும் கேமராவைப் பார்த்து அப்பாவிடம் பேசினார்கள். இப்போது அப்பா இடத்தில் ஏலம் விடுகிறவன் பூமாலைதான், அவன் ஏலம் விடுவதையும் எடுத்துக்கொண்டாள். "அண்ணே ஜல்தியா எழுந்து வாங்க, இவன் கூவுறதைக் காது குடுத்துக் கேக்க முடியல" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னதும் அதில் இருக்கிறது.

எடுத்துவந்ததை அப்பாவுக்கு எதில் காட்டுவது? கம்ப்யூட்டர் முன்னால் அவரால் நாற்காலியில் உட்கார முடியாது. சி.டி.யில் போட்டுக் கொடுத்தால் நம் டி.வி.டி. பெட்டி பாதியை எடுக்காது, மீதி நடுவிலே நின்றுபோகும். ரிமோட்டின் பொட்டுப் பொட்டான பட்டன் அவர் விரலுக்கு அகப்படவில்லை. அப்போதுதான் அவள் அலமாரியைப் பார்த்தாள். அந்தப் பெட்டிக்குள் இருப்பதும் ஒரு கம்ப்யூட்டர்தானாம், விளையாட்டு மட்டும் ஓடுகிற மாதிரி பூட்டி வைத்திருக்கிறார்களாம். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்துப் படித்து, நட்சத்திர மூக்கு வைத்த ஸ்குரூ டிரைவரை செல்போன் கடையில் தேடி வாங்கி, உள்ளே இருந்த டிஸ்கை எடுத்துவிட்டுப் பெரிசாக ஒன்றைப் போட்டு, படமும் பாட்டும் ஓட்டுகிற புரோகிராமை ஏற்றினாள். முதல் தடவை டி.வி.யில் ஏதோ தப்பு என்று எழுத்துத்தான் வந்தது, அவள் முகம் வெளுத்துப்போனது. விடவில்லை, திரும்பவும் முதலிலிருந்து செய்தாள், வந்துவிட்டது. பழைய டிஸ்கைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்திருக்கிறாள். தேவா விளையாட்டும் புது டிஸ்கில் அப்படியே இருக்கிறது, அவன் நிறுத்தின இடத்திலிருந்து விளையாடலாம். நாசம் என்றாயே, எது நாசமாய்ப் போனது?

பெட்டியோடு இருந்த அந்த ஜாய்ஸ்டிக் இரண்டு கையும் நிறைகிற மாதிரி இருப்பதால் அப்பா மடியில் நிற்கிறது. இடது கையால் தாங்கிக்கொள்வார், வலது கட்டைவிரலைப் படம் ஓட வைக்கிற பச்சைப் பட்டன்மேல் வைத்து அவள்தான் அழுத்துவாள். ஒரு நாள் நான் கேப்பை மாவு சலித்துக்கொண்டிருந்தேன், அவள் வேலைக்குப் போயிருந்தாள், கூடத்தில் பூமாலை ஏலம் கூவுகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்க்கிறேன், அப்பா விரல் பட்டன்மேலே இருக்கிறது. அவரே அழுத்தியிருக்கிறார். பூமாலையைப் பார்த்து உறுமிக்கொண்டே திரும்பத் திரும்ப அழுத்தினார். இதைத்தான் அவள் ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் சொல்ல ஆரம்பித்தாள். கழற்றினேன் என்ற வார்த்தைக்கு அப்புறம் நீ அவளைப் பேச விட்டாயா?

அதோடு விட்டாயா? என் தம்பிக்கு வேறு போன் பண்ணியிருக்கிறாய். நேற்றுச் சாயங்காலம் தேவநாதன் மாமா வந்து நிற்கிறார். "நீ ஒண்ணும் பேஜார் பண்ணிக்காதக்கா, மாப்ள சொல்லிட்டான், எடுத்துக்கினு போய் சர்வீஸ் கடையில பழையபடி மாத்திடறேன்" என்று சொல்லிக்கொண்டே டி.வி. பின்னால் கையை விட்டு வயரைப் பிடுங்கிவிட்டார். அப்பா பார்த்துக்கொண்டிருந்த படம் அப்படியே இருண்டுபோனது. மாமா ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து, "வுடுங்க மாமா" என்று மெதுவாக இழுக்கிறார், அப்பா விடவில்லை. முகம் ஒரு பக்கமாகக் கோணி, கழுத்து நரம்பெல்லாம் எழும்பி, "போடா" என்றார். நான் பயந்து நிற்கும்போதே மறுபடியும், "போடா வெளிய" என்றார். தெளிவாக, வாசல்வரை கேட்கிற மாதிரி.

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்து குலுங்கி அழுதுவிட்டார். "இன்னொரு தபா திட்டுங்க மாமா" என்று அப்பா காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிறார். கலையரசி விழுப்புரத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிறாள், மாமாதான் "உங்கப்பா என்னைத் திட்டிட்டாரும்மா" என்று சொன்னார். அவள் பையைக்கூட இறக்காமல் வாசற்படியிலேயே நின்று அழுதாள். எந்த வயரை எங்கே செருகுவது என்று அவளைக் கேட்டுக் கேட்டு மாமாவே பழையபடி மாட்டிக் கொடுத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போனார்.

நன்றாக யோசித்துப் பார் இளவழகா. அப்பாவுக்குக் காது போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ கத்தினதைக் கட்டிலில் இருந்து அவரும்தான் கேட்டார். அந்தப் போடா மாமாவுக்குச் சொன்னது இல்லை, உனக்குச் சொன்னது. எட்டாத தூரத்தில் நீ இருக்கிறாய், எதிரில் நின்ற மாமா வாங்கிக்கொண்டார்.

பெட்டி இந்த வீட்டை விட்டுப் போகாது, இனி யாரையும் அனுப்பாதே. வெயிலில் வேலை செய்கிறாய், வேளைக்குச் சாப்பிடு, தங்கையிடம் பேசின மாதிரி மருமகளிடம் பேசாதே. தேவாவுக்கு ஆத்தாவின் முத்தம். பெற்ற வயிறு என்பதால் நீ நூறு வயசு நல்லபடியாக இருக்கவேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறது.

வருகிற ஞாயிறு போன் பண்ணு, மறந்துவிடாதே. முதலில் கலையரசியிடம் மன்னிப்புக் கேள், அவள் சரி என்றால்தான் போன் அப்பா காதுக்குப் போகும். இன்று காலையிலிருந்து உன் பேரைத்தான் பழகிக்கொண்டிருக்கிறார், "இள" வரைக்கும் வந்துவிட்டது, அதற்குமேல் நாக்கு புரளவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் முழுப் பேரும் வந்துவிட்டால், அதற்குப் பின்னால் என்ன சேர்த்துச் சொல்வாரோ எனக்குத் தெரியாது. எதுவானாலும் வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா
அ. காசியம்மாள்