வரப்பு மேல கறுப்பு

ஜனவரி 20, திங்கள்

உப்பளத்துல பாத்தி மிதிக்க ஆரம்பிச்சாச்சு. மழைத்தண்ணி வடிஞ்ச சேறு இன்னும் இறுகல. இருபது பொம்பளைங்க வரிசையா நின்னு மிதிக்கிறோம். பக்கத்துல சகாயமேரி. "நீ சேத்த மிதிக்கிறியா, யாரையாவது நெனச்சி மிதிக்கிறியா?"ன்னு கேட்டா. இன்னும் அழுத்தி மிதிச்சேன்.

என் வீட்டுக்காரரு இல்லாம வர்ற முதல் உப்புக் காலம்.

ஜனவரி 23, வியாழன்

இன்னைக்கு ஒன்னு பார்த்தேன்.

எனக்கு முன்வரிசையில வைஜெயந்தி. என் வீட்டுக்காரரோட தங்கச்சி. அவரு செத்து ஆறு மாசமா என்கிட்ட பேச்சில்ல. மிதிக்கும்போது காலைத் தூக்குனா, குதிகால்ல கறுப்பா இருந்தது. சேறுன்னு நினைச்சேன். வாய்க்கால்ல கழுவிட்டு வந்தா. கறுப்பு போகல.

புளியங்கொட்டை அளவு. அவருக்கும் அப்படித்தான் இருந்தது.

சோறு இறங்கல.

ஜனவரி 24

எழுதிடறேன். எழுதினா இறங்குமா?

இங்க எல்லார் வீட்லயும் இருக்கிற வழக்கம்தான். வாரத்துல ஒருநாள் வெந்நீர்ல காலை ஊற வெச்சி, தடிச்ச தோலை பிளேடால சீவுவோம். இல்லன்னா வெடிச்சி, வெடிப்புல உப்பு ஏறி, நடக்க முடியாது. அவருக்கு நான்தான் சீவுவேன். கறுப்பு வந்தப்போ கால்ஆணின்னு நினைச்சோம். "வலிக்கல, இன்னும் ஆழமா சீவு"ன்னாரு. சீவுனேன். வெளுக்கும். மறுபடி வரும். மறுபடி சீவுவேன். இப்படியே ஒன்றரை வருஷம். ரத்தம் நிக்காம போனப்புறம்தான் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். தோல் கேன்சர், நுரையீரல் வரைக்கும் போயிருச்சின்னாங்க. தோல்ல கேன்சர் வரும்னே அன்னைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

அவரோட பதினாறாம் நாள் காரியத்துல வைஜெயந்தி எல்லார் எதிர்லயும் கேட்டா: "எங்க அண்ணனைச் சீவிச் சீவியே அனுப்பிட்ட இல்ல?"

அந்தக் கை இந்தக் கைதான்.

ஜனவரி 25

சகாயமேரியை விட்டு வைஜெயந்தியை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிப் பார்த்தேன். "ஆணிக்கு எருக்கம்பால் வெக்கிறேன், போயிரும். அந்தப் பொம்பள கண்ணு என் கால்ல படவேணாம்னு சொல்லு"ன்னு சொல்லி அனுப்பியிருக்கா.

ஜனவரி 27, திங்கள்

செஞ்சிட்டேன்.

நடு மிதியில சேத்துல உக்காந்து வைஜெயந்தி கணுக்காலைப் பிடிச்சிக்கிட்டேன். அண்ணன் பொண்டாட்டி நாத்தனார் காலைப் பிடிக்கிறதா! மொத்த வரிசையும் நின்னுபோச்சி. மேஸ்திரி கத்துறாரு.

"விடு அண்ணி! இன்னா இது, எல்லாரும் பாக்குறாங்க. பாவம் எனக்குத்தான் வரும்."

"ஆஸ்பத்திரிக்கு வர்றேன்னு சொல்லு."

"பைத்தியமா உனக்கு?"

"ஆமா."

"ஒத்துக்கடி. இல்லன்னா ரெண்டு பேரையும் சேத்து மிதிச்சி பாத்தியாக்கிடுவோம்"னா சகாயமேரி. எல்லாரும் சிரிச்சாங்க. வைஜெயந்தி சிரிக்கல. அழுதா. அவளும் உள்ளுக்குள்ள பயந்துக்கிட்டேதான் இருந்திருக்கா.

அண்ணின்னு கூப்பிட்டது அவளுக்கே தெரியல.

ஜனவரி 29, புதன்

வைஜெயந்தியோட அதே புதுச்சேரி ஆஸ்பத்திரி. டாக்டர் பேரு நிவேதா. சின்ன வயசு. குதிகால்ல ஒரு கண்ணாடியை வெச்சி போன்ல பெருசாக் காட்டுனாங்க.

அய்யோ, அதை எப்படி எழுதுவேன்.

தோல் ரேகையெல்லாம் அப்படியே பாத்தி. வரப்பு, பள்ளம், வரப்பு, பள்ளம். இருபத்தஞ்சு வருஷமா வரப்பு கட்டுறேன், ஒன்னு கூட அவ்வளவு சீரா வந்ததில்ல. வரப்பு உச்சியில வெள்ளை வெள்ளையா புள்ளி. வேர்வை வர்ற ஓட்டையாம். எங்க பாத்தியில தண்ணி பள்ளத்துல நிக்கும். உடம்புல வரப்பு மேல ஊறுது! இதை மிதிச்சிக்கிட்டா நான் இத்தனை வருஷம் நடந்தேன்?

"கறுப்பு பள்ளத்தோட ஓடுனா பெரும்பாலும் மச்சம். வரப்பு மேல ஏறி நின்னாத்தான் சந்தேகம்"னாங்க.

வைஜெயந்திக்கு வரப்பு மேல.

டெஸ்ட்டுக்குக் கொஞ்சம் சதை எடுத்தாங்க. இது வெயிலால வருதா, உப்பாலயான்னு கேட்டேன். "உள்ளங்கால்ல ஏதும்மா வெயில்? வெள்ளைத் தோலுக்குத்தான் வெயில் படுற இடத்துல நிறைய வரும். இந்த வகை நமக்கு உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில வரும். ஏன்னு முழுசாத் தெரியாது." படிச்சவங்க தெரியாதுன்னு சொன்னது எனக்குப் பிடிச்சிருந்தது.

அப்புறம் அந்தக் கேள்வியையும் கேட்டேன். வைஜெயந்தியை வெச்சிக்கிட்டே. நான் சீவுனதாலதான் அவருக்கு—

"சீவுனதால வரலம்மா. ஆனா சீவிச் சீவி அடையாளம் மறைஞ்சிருக்கும். நாள் போயிருச்சி."

பாதி பாரம் இறங்கிச்சி. மிச்சப் பாதியை நான் வெச்சிக்கிறேன். பஸ்ல வைஜெயந்தி ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தா.

பிப்ரவரி 11

டெஸ்ட் வந்துது. அதேதான். ஆனா மேலாவே இருக்குதாம். உள்ள இறங்கல.

உள்ள இறங்கல. உள்ள இறங்கல.

பிப்ரவரி 20

ஆப்பரேஷன். கறுப்பைச் சுத்தி நல்ல சதையையும் சேத்து எடுத்துட்டாங்க. பள்ளம் விழுந்த இடத்துல அவ தொடையிலிருந்து வெங்காயச் சருகு மாதிரி தோல் எடுத்து ஒட்டியிருக்காங்க. ஒட்டுமா அது? துணியா தைக்கிறதுக்கு?

பிப்ரவரி 26

ஒட்டிடுச்சி!

கட்டைப் பிரிச்சாங்க. சிவந்து கிடக்குது. ரத்தம் ஓடுதாம். தொடைத்தோலுக்குக் குதிகால்ல ரத்தம் வாங்க யார் வழி காட்டுனது? தொடையில எடுத்த இடமும் தானா மூடிக்கிட்டு வருது. பக்கத்துக் கட்டில்காரங்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுனேன். நர்ஸ் திட்டுனாங்க. "அண்ணி, என் தொடை இன்னா திருவிழாவா?"ன்னு வைஜெயந்தி போர்வையை இழுத்துக்கிட்டா.

மார்ச் 9

டாக்டர் சொன்னதை மறக்காம இருக்க எழுதறேன். வேலை முடிஞ்சதும் நல்ல தண்ணியில கழுவணும். ஈரம் காயறதுக்குள்ள தேங்காய் எண்ணெய். பிளேடு வேணாம், ஊற வெச்சி பீர்க்கங்காய் நார்ல மெல்லத் தேய்ச்சா போதும். எருக்கம்பால் கூடவே கூடாது. வெயில்ல முழுக்கைச் சட்டை, தலையில துண்டு. ஒரு மாசமா ஆறாத புண்ணோ, வளர்ற கறுப்போ எண்ணெயால போகாது, உடனே ஆஸ்பத்திரி.

இதெல்லாம் பெரிய விஷயமே இல்ல. அவருக்கும் செஞ்சிருக்கலாம்.

மார்ச் 30

உப்பு விளைஞ்சிருச்சி. வெள்ளை வெளேர்னு. பார்த்துக்கிட்டே நின்னேன், அழுகை வந்துது.

ஏப்ரல் 20, ஞாயிறு

வைஜெயந்தி செருப்பு போட்டுக்கிட்டு மெல்ல நடந்து வீட்டுக்கு வந்தா. கையில டார்ச்.

"காலைக் காட்டு அண்ணி."

"எனக்கு ஒன்னும் இல்ல."

"என் காலைப் பாத்தியே, உன் காலை யாரு பாத்தது?"

வேணாம்னு சொல்லச் சொல்ல என் காலை இழுத்து மடியில வெச்சிக்கிட்டா. விரல் விரலா விரிச்சிப் பார்த்தா. நகத்தைப் பார்த்தா. "வெடிப்புதான் இருக்குது, எருமை மாதிரி"ன்னா. எண்ணெய் எடுத்துத் தேய்ச்சா. சூடா இருந்தது அவ கை.

அவரு போனதுக்கப்புறம் என்னை யாரும் தொட்டதே இல்ல. இன்னைக்குத்தான் தெரிஞ்சிது.